ஆளை எடை போடாமல் இருக்க முடியுமா?

7 ஜூலை 2024, ஒரு வாசகர்

இரண்டு வருடமாக நான் யாரையும் எடை போடுவதில்லை. அவரவர் பாடு அவரவருக்கு. "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்று கணியன் பூங்குன்றனார் பாடியது இதைத்தான். மனசு லேசாக இருக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறது. எல்லோராலும் முடியும். முடியாது என்கிறவர்கள் இருந்தால் ஏன் என்று சொல்லுங்கள்.

7 ஜூலை, இரவு

நான் முடியாது என்கிற கட்சி. 27 வருடமாகத் தமிழாசிரியை. புறநானூற்று 192-ஆம் பாட்டை எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை.

நீங்கள் காட்டிய வரியை இன்னொரு முறை படியுங்கள். பெரியோர் என்கிறார், சிறியோர் என்கிறார். தராசில் வைத்துப் பார்க்காதவருக்கு இன்னார் பெரியவர், இன்னார் சிறியவர் என்று எப்படித் தெரியும்? வியக்கமாட்டோம், இகழமாட்டோம் என்றுதான் பாடுகிறார். அதற்குக் காரணமும் அதே பாட்டில் இருக்கிறது: மலையிலிருந்து இறங்கும் ஆற்றோடு போகிற புணை, அதாவது தெப்பம் மாதிரி உயிர் போகிறது. ஒருவர் பெரியவராக ஆனதில் ஆற்றுக்கும் பங்கு உண்டு, சிறியவராக நின்றதிலும் உண்டு. கணியன் என்ற சொல்லுக்கே காலம் கணிப்பவன் என்றுதான் பொருள் சொல்கிறோம். கணிக்கத் தெரிந்தவர் பாடிய பாட்டு அது.

9 ஜூலை

நேற்றும் இன்றும் பஸ்ஸில் முயன்று பார்த்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு முப்பத்தைந்து நிமிடம். யாரைப் பற்றியும் ஓர் எண்ணமும் வரக்கூடாது, வந்தால் ஒரு விரலை மடக்க வேண்டும். ரயில்வே கேட் வருவதற்குள் இரண்டு கை விரலும் தீர்ந்துவிட்டது.

கிழவி நிற்கிறாள், ஜன்னலோரம் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்: நடிக்கிறார் என்று ஒரு விரல். கண்டக்டர் சில்லறையை உள்ளங்கையில் வைக்காமல் போட்டுவிட்டுப் போகிறார்: திமிர் என்று ஒரு விரல். கைக்குழந்தைக்குப் போனைக் கொடுத்து உட்கார வைத்திருக்கும் பெண்: இரண்டு விரல். நல்லதாகத் தோன்றியதையும் சேர்த்துத்தான் எண்ணினேன். புத்தகப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பெரியவரை நல்ல மனுஷன் என்று நினைத்ததும் எடை போட்டதுதானே.

2006-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸ், டோடோரோவ் என்ற இருவர் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. முகப் படத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டிவிட்டு, இவரை நம்பலாமா, இவர் திறமைசாலியா என்று கேட்டிருக்கிறார்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பார்த்தவர்கள் சொன்னதற்கு மிக நெருக்கமாகவே இவர்களும் சொன்னார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது, தான் சொன்னது சரி என்ற நம்பிக்கைதான் கூடியது. எனக்கு இதில் உறைத்தது அந்தக் கடைசிப் பகுதி. நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்று நாம் சொல்லும்போதெல்லாம், முதல் கணத்தில் வந்ததையே கெட்டிப்படுத்திக்கொண்டு இருந்திருப்போமோ?

10 ஜூலை

யாரையும் எடை போடாதே என்றுதானே பைபிளில் மத்தேயு 7-ஆம் அதிகாரம் சொல்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனால் பழைய தமிழ் வேதாகமத்தின் அந்த வரி நன்றாக நினைவிருக்கிறது: "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்." மொழிபெயர்த்தவர்கள் 'எடை போடாதே' என்றோ 'மதிப்பிடாதே' என்றோ போடவில்லை. குற்றவாளி என்று தீர்த்துவிடாதே என்று போட்டிருக்கிறார்கள். அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி, கனிகளால் அவர்களை அறிவீர்கள் என்றும் வருகிறது. கனியைப் பார், மரத்தை வெட்டாதே என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்த வேதத்தை அன்றாடம் படிக்கிறவர்கள் தவறு இருந்தால் திருத்துங்கள்.

14 ஜூலை

எடை போடுவதே வேலையாக இருக்கிற இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்: பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம்.

அங்கே தாளில் பெயர் இருக்காது, பள்ளி இருக்காது. மாணவர் விவரமும் பார்கோடும் உள்ள முகப்புத் தாளைப் பிரித்து எடுத்த பிறகுதான் கட்டு எங்கள் மேசைக்கு வரும். ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா, எந்த ஊர், அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா, எதுவும் திருத்துகிறவருக்குத் தெரியக்கூடாது. ஆளை மறைத்துவிட்டு எழுதியதை மட்டும் பார்க்க வைப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் கையெழுத்து வந்துவிடுகிறதே. முத்து முத்தான எழுத்து, பென்சிலில் ஓரக்கோடு, தலைப்புக்கு மட்டும் கறுப்பு மை. இரண்டாம் பக்கம் திருப்புவதற்குள் ஒரு பிள்ளை என் மனசில் வந்து உட்கார்ந்துவிடும். இரட்டைச் சடை, முன் பெஞ்சு, வீட்டில் படித்த அம்மா. அப்படி ஒருத்தி உண்மையில் இருக்கிறாளா என்றே தெரியாது. அவளுக்கு மனசு இளகும், பேனாவும் இளகும்.

ஒரு வருடம் அப்படி ஒரு தாள் முடித்த கையோடு அடுத்த தாளை எடுத்தேன். கோழிக் கிறுக்கல். ஒற்று விழுந்த இடம் பாதி, விழாத இடம் பாதி. 8 மதிப்பெண் நெடுவினாவுக்கு 4 போட்டு நகர்ந்துவிட்டேன். முதன்மைத் தேர்வாளர் மறுபார்வைக்கு எடுத்த தாள்களில் அதுவும் இருந்தது. என்னிடம் வந்து விடைக்குறிப்பை விரித்து வைத்தார். "இதுல எந்தப் பாயின்ட் இல்லைன்னு காட்டுங்க டீச்சர்." வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. பிழைக்குக் கழித்தும் 6 வந்தது.

அவர் போன பிறகு அதற்கு முந்தின தாளை நானே எடுத்துப் பார்த்தேன். அந்த முத்தெழுத்துக்கு 7 போட்டிருந்தேன். விடைக்குறிப்பின்படி 5-க்கு மேல் வராது. 6 ஆக்கினேன். 5 ஆக்க மனசு வரவில்லை. இது நடந்து பல வருடம் ஆகிறது, அந்த ஒரு மதிப்பெண் இன்னும் உறுத்துகிறது.

தாளுக்காவது விடைக்குறிப்பு உண்டு. மனுஷனுக்கு எதை விரித்து வைத்துப் பார்ப்பது?

15 ஜூலை

அந்த முதன்மைத் தேர்வாளர் என்னை அவமானப்படுத்திவிட்டார் என்று ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். இல்லை. நான் எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். அவர் குனிந்து, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் சொன்னார். முகாம் முடிகிற வரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டீ நேரத்திலேயே எனக்குத் தெரிந்திருக்கும். என் தவறு எனக்கும் அவருக்கும் நடுவிலேயே முடிந்தது. அதனால்தான் முந்தின தாளை நானாகத் திரும்ப எடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. நாலு பேர் முன்னால் கேட்டிருந்தால் என் 4 சரிதான் என்று வாதாடிக்கொண்டு இருந்திருப்பேன்.

17 ஜூலை

விடைத்தாள் என்றதும் இன்னொன்று. 1967-இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதின கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். எழுதியவர் எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானித்தார் என்று முன்கூட்டியே சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவருக்கு உள்ளூர ஆதரவு இருக்கும் என்றே படித்தவர்கள் நினைத்தார்கள்.

இதை நான் வருடா வருடம் செய்கிறேன். 'பெரியோரை மதித்தல்' என்று கட்டுரை எழுதச் சொல்வதும் நான்தான். உருகி எழுதின பிள்ளையைப் பார்த்து இது பெரியவர்களிடம் மரியாதை உள்ள பிள்ளை என்று நினைத்துக்கொள்வதும் நான்தான். தலைப்பு கொடுத்தவளுக்கே அது மறந்துவிடுகிறது.

21 ஜூலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். முதல் பீரியடில் தூங்குவான். கன்னத்தில் கை வைத்துத் தொடங்கி, பத்து நிமிடத்தில் தலை பெஞ்சில். நேரில் இரண்டு முறை திட்டினேன். ஒருநாள் ஆசிரியர் அறையில் டீ குடிக்கும்போது, "அந்தத் தூங்குமூஞ்சியை வைச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னே தெரியலை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்த இடத்தில், அவன் ராத்திரி வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றின பையன் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை. விடிய விடியப் போன் பார்த்தான். அவன் அம்மாவே வந்து அழுதுகொண்டு சொன்னார். என் கணிப்பு சரி. அதனால்தான் இது எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது.

தீபாவளிக்குப் பிறகு அம்மா போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினார். பையன் முழித்துக்கொண்டான். அரையாண்டில் கணக்கில் 71. கணக்கு சார் தாளை ஆட்டிக்கொண்டே வந்தார்: "தூங்குமூஞ்சி எழுபத்தொண்ணு எடுத்திருக்கான். பக்கத்துல யார் உக்காந்தாங்கன்னு பாக்கணும்." நான் சொன்னேன், இல்லை சார், அவன் இப்பல்லாம் தூங்குறதில்லை, மாறிட்டான் என்று. "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை, என்னைவிட உழைக்கிறவர். நான் கொடுத்த பெயரை அவர் நம்பினார். நான் திருப்பிக் கேட்டபோது தரவில்லை, அவ்வளவுதான்.

வராந்தாவில் தனியாக உட்கார வைத்து வேறு வினாத்தாள் கொடுத்தார்கள். 68 வாங்கினான். யாரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

22 ஜூலை

நேற்று ராத்திரி குறளை எடுத்தேன். "ஏதிலார் குற்றம்போல் தம்குற்றம் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு." பிறரை எடை போடாதே என்பதற்கு எல்லோரும் சொல்கிற குறள் இது, 190. இது எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? புறங்கூறாமை. ஆளில்லாத இடத்தில் ஆளைப் பற்றிப் பேசுவதை ஒன்பது குறளில் கண்டித்துவிட்டு, கடைசிக் குறளாக இதை வைத்திருக்கிறார். அதே அதிகாரத்தில் 184: "கண்ணின்று கண்ணறச் சொல்லினும் சொல்லற்க முன்னின்று பின்நோக்காச் சொல்." நேருக்கு நேர் நின்று தயவுதாட்சண்யம் இல்லாமல் சொன்னாலும் சொல்லு, ஆள் இல்லாதபோது சொல்லாதே.

27 வருடம் பாடம் நடத்தியும் இந்த அடுக்கை நான் கவனிக்கவில்லை. மனசில் தோன்றுவதை வள்ளுவர் தடுக்கவே இல்லை. முகத்துக்கு எதிரே கடுமையாகச் சொல்வதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார். மூன்றாவது ஆளிடம் போகிற வாய்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. எனக்குள்ளேயே இருந்தவரை 'தூங்குமூஞ்சி' அடுத்த மாதம் தானாக அழிந்திருக்கும். ஆறு பேரிடம் போன பிறகு அதை அழிக்க ஆறு பேரும் சம்மதிக்க வேண்டும்.

ஆகவே என் கட்சியைத் திருத்திக்கொள்கிறேன். எடை போடாமல் இருக்க முடியாது. போட்ட எடையை அடுத்தவரிடம் சொல்லாமல் இருக்க முடியும்.

28 ஜூலை

போன வாரம் எழுதினதைத் திருப்பி வாங்க வேண்டியிருக்கிறது. "பெண் கொடுக்கிறவன் விசாரிக்காமல் கொடுக்க முடியுமா? விசாரித்தால் நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்குத் தெரியாது, நான் மூடிக்கொண்டேன்.

எங்கள் தெருக் கடைசி வீட்டு அக்கா. மகளுக்கு ஒரு வரன் வந்தது, பையன் என் வீட்டுக்காரர் வழியில் தூரத்துச் சொந்தம். "பையன் எப்படி டீச்சர்? நீங்க சொன்னா சரி" என்று வாசலில் நின்று கேட்டார். அவன் குடித்துவிட்டுத் தம்பியை அடித்ததை நான் ஒரு கல்யாண வீட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். சொந்தத்தில் பகை வரும் என்ற பயமும் இருந்தது. அதை மறைப்பது நியாயமில்லை. "நல்ல குடும்பம்தான் அக்கா" என்றேன். குடும்பம் நல்ல குடும்பம்தான். அவர் கேட்டது பையனை.

எட்டு மாதத்தில் அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு வந்துவிட்டாள். அக்கா சண்டை போடவில்லை. "உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இன்றும் கோயிலில் பார்த்தால் பேசுகிறார். நான்தான் அவர் கண்ணைப் பார்ப்பதில்லை.

"குணம்நாடிக் குற்றமும் நாடி" என்று தொடங்கும் 504 இருக்கிற அதிகாரம் தெரிந்து தெளிதல். ஒருவரை நம்பி ஒன்றை ஒப்படைக்கிற இடம். அங்கே எடை போடாமல் விடுவதே குற்றம் என்கிறார். "தேரான் தெளிவும்", அதாவது ஆராயாமல் ஒருவரை நம்புவதும், தீராத துன்பம் தரும் என்று அந்த அதிகாரம் முடிகிறது. மகளை ஒப்படைக்கப் போகிற தாய் கேட்கும்போது என் தராசு அவருடையது. ஆசிரியர் அறையில் டீ குடித்தவர்கள் யாரும் எதையும் ஒப்படைக்கப் போவதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

29 ஜூலை

கணக்கு சாருக்கும் அந்தப் பையனைப் பற்றித் தெரிய வேண்டாமா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. தெரிய வேண்டும். "திங்கள், புதன் ரெண்டு நாளும் முதல் பீரியட்ல தூங்கினான், உங்க பீரியட்ல எப்படி சார்?" என்று கேட்டிருக்கலாம். அது நடந்தது. நடந்தது மாறினால் அதுவும் மாறும். நான் அவனுக்குப் பெயர் வைத்தேன். வைத்த பெயர் எங்கே மாறுகிறது?

கல்யாண விஷயத்திலும் அப்படியே. "குடிகாரன்" என்று சொல்லியிருக்க வேண்டாம். "இந்தக் கல்யாணத்தில் இப்படி நடந்ததைப் பார்த்தேன் அக்கா, விசாரிச்சுக்கோங்க" போதும். பன்னிரண்டு சொல்கூட ஆகாது.

4 ஆகஸ்ட்

என் கல்லூரித் தோழி ஒருத்தி தற்கொலைத் தடுப்புத் தொண்டு ஒன்றில் சில காலம் போன் எடுத்தாள். 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தொடங்கிய சமாரிட்டன்ஸ் வழியில் வந்த வேலை அது. சென்னையில் 1986-இல் டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா பலருக்குத் தெரிந்திருக்கும். கேட்க வேண்டும், தீர்ப்புச் சொல்லக்கூடாது. இதுதான் அவர்களுக்கு முதல் பாடம்.

அவளிடம் போன் போட்டு, உனக்கு ஒன்றுமே தோன்றாதா என்று கேட்டேன். "தோணும்டி. பிள்ளைங்களை விட்டுட்டு இப்படிப் பேசறாங்களேன்னு கோபமே வரும். அப்படியே ஓரமா வைச்சிட்டு அடுத்த வார்த்தையைக் கேட்பேன். ஓரமா வைக்கிறதுக்குத்தான் பயிற்சியே" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். இந்த ஆள் இன்று ராத்திரி தாண்டுவாரா என்று ஒவ்வொரு நிமிடமும் கணித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஆளின் தராதரத்தை எடை போடுவதில்லை, ஆபத்தை எடை போடுகிறார்கள். அங்கே கேட்டதை வெளியே யாரிடமும் சொல்வதும் இல்லை. அவளோடு முப்பது வருடப் பழக்கம், ஒரு அழைப்பைப் பற்றிக்கூட என்னிடம் சொன்னதில்லை.

11 ஆகஸ்ட்

ஒரு தராசைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளிக்குப் புதிதாக ஓர் ஆசிரியர் வந்தால், "சொந்த ஊர் எது?" என்று கேட்போம். ஊர் சொன்னதும், "அதுல எந்தத் தெரு?" இந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று நம் எல்லோருக்கும் தெரியும். கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். சொல்கிறவர் முகத்தில் ஒரு கணம் வந்து போவதை நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் ஒரு முறை கேட்டது நான்.

எடை போடுவதை நிறுத்த முடியாது என்று முதல் நாளிலிருந்து சொல்லி வருகிறேன். இந்தத் தராசை நிறுத்த முடியும். இதில் ஆளே ஏறுவதில்லை. அவர் பிறப்பதற்கு முன்னாலேயே முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஓரமாக வைப்பது, திரும்பப் போட்டுப் பார்ப்பது எல்லாம் இதற்குப் பொருந்தாது. நான் செய்தது சின்னக் காரியம்: இரண்டாவது கேள்வியைக் கேட்பதில்லை. யாராவது கேட்டால், "சாப்பாடு எடுத்துட்டு வந்தீங்களா, எங்ககூட உக்காருங்க" என்று நடுவில் பேச்சை மாற்றிவிடுகிறேன். ஏழெட்டு வருடமாக.

12 ஆகஸ்ட்

இழையைத் தொடங்கியவர் வந்து, தனக்கு உண்மையிலேயே ஒன்றும் தோன்றுவதில்லை என்கிறார். நம்புகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பெண்ணோ பையனோ கல்யாண வயதில் இருந்தால், பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்று கேட்டால், தோன்றாது என்று சொல்லிவிடாதீர்கள். தேடிப் பார்த்துச் சொல்லுங்கள்.

25 ஆகஸ்ட்

போன் திரை உடைந்து பஜாரில் ஒரு கடைக்குப் போனேன். உள்ளே உட்கார்ந்து திருகாணி கழற்றிக்கொண்டிருந்தவன் அவன்தான். மீசை வைத்திருந்தான். "டீச்சர்!" என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

திரை மாற்ற அரை மணி நேரம் ஆகும் என்றான். அந்த அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டேன். உனக்கு அந்தப் பெயர் வைத்தது நான்தான்ப்பா, உன்னைத் தனியா உக்கார வைச்சதுக்கு அதுதான் காரணம், அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும் என்று.

தலையை நிமிர்த்தவில்லை. இடுக்கியால் சின்ன ஒயரைப் பிடித்துக்கொண்டே, "தெரியும் டீச்சர். பி.டி. சார் கிரவுண்ட்ல அப்படித்தான் கூப்பிடுவார். யார் வைச்சதுன்னு கேட்டேன், சொன்னார்" என்றான்.

தெரிந்துகொண்டே ஒன்றரை வருடம் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

"கோபம் இல்லையா?"

கொஞ்சம் யோசித்தான். "இருந்துச்சு டீச்சர்." திரையை ஒட்டி, துணியால் துடைத்து, போட்டுக் காட்டினான். வெளிச்சம் சரியா இருக்கா பாருங்க என்றான். சரியாக இருந்தது. சொன்ன தொகையைக் கொடுத்தேன், எண்ணி வாங்கிக்கொண்டு ரசீது எழுதினான். கையெழுத்து இன்னும் அதே கோணல்.